கடல் கடந்த நேயர்கள்

பாக்கு நீரிணை: இரு கரை வரலாறு – 14

நயினாதீவின் இறங்குதுறையில் நின்று வரைபடத்தை விரித்தால் ஓர் உண்மை பளிச்சென்று தெரியும். நேர்கோட்டில் அளந்தால் இராமேசுவரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கொழும்பு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நாட்டின் வர்த்தகத் தலைநகரைவிட அயல்நாட்டுக் கரை ஐந்து மடங்கு கிட்ட. கடந்த சில வாரங்களாக இந்த 60 கிலோமீட்டரை வத்தையிலும் தோணியிலும் கடந்த மனிதர்களைப் பற்றி எழுதிவந்தேன். இந்த வாரம் கடவுச்சீட்டு இல்லாமல், சுங்கத்துக்கு நிற்காமல், இருபுறமும் நாள்தோறும் கடந்துபோன ஒன்றைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது. அது குரல்.

கொழும்பில் முறையான வானொலிச் சேவை 1925 டிசம்பர் 16ஆம் திகதி தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் அதற்குக் காரணமானவர். அது சிறிய நிலையம், சிறிய வட்டம். அதைப் பெரிதாக்கியது யுத்தம்தான். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் இலங்கைக்கு வந்தபோது, ஆசியா முழுவதும் பரந்து கிடந்த படையினருக்காக 'ரேடியோ சீக்' என்ற ஒலிபரப்பு நிலையத்தை நிறுவியது. ஏக்கலவில் எழுந்த 100 கிலோவாட் சிற்றலை அனுப்பி, அந்நாளில் இந்தப் பிராந்தியத்திலேயே மிகுந்த வலுக்கொண்டவற்றுள் ஒன்று. போர் முடிந்தது, படை கலைந்தது, அனுப்பி இலங்கையிடம் வந்து சேர்ந்தது. ஒரு சின்ன நாட்டின் கையில் கண்டம் தாண்டும் குரல் கிடைத்தது இப்படித்தான்.

1950 செப்டெம்பரில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டொட் அதை நடத்தினார். அந்த நேரம் பார்த்து டில்லி ஒரு பெரிய உதவி செய்தது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பியவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறத்தாழ நின்றுபோனது. சாஸ்திரிய சங்கீதத்தின் மீது அவருக்கிருந்த பற்றை நான் மதிக்கிறேன்; ஆனால் கேட்கிறவர் விரும்புவதை அரசு பூட்டினால், கேட்கிறவர் அடுத்த கதவைத் தட்டுவார். ஹிந்தி நேயர்கள் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா'வைத் தேடிக் கொழும்புக்கு வந்தார்கள். தமிழ் நேயர்களும் வந்தார்கள். 1957 அக்டோபரில் 'விவித பாரதி' தொடங்கி இந்தியா அந்தக் கதவைத் திறந்தபோது, கொழும்புக் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் குடிபுகுந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன.

இதில் கடலுக்கும் பங்குண்டு. மத்திய அலை நிலத்தை ஒட்டிச் செல்லும்போது மண்ணும் மலையும் அதன் வலுவை உறிஞ்சிவிடும். உப்புநீர் மின்னை நன்றாகக் கடத்தும். அதன் மேல் அலை தளராமல் நெடுந்தூரம் போகும். ஆகவே இராமநாதபுரம், தூத்துக்குடி கரையோர ஊர்களில் கொழும்பு தெளிவாகக் கேட்டது. உள்ளே போகப்போக சிற்றலை கைகொடுத்தது. மதுரைத் தேநீர்க்கடையிலும் திருநெல்வேலித் தையற்கடையிலும் 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்ற அறிவிப்பு அன்றாடச் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது.

எஸ்.பி. மயில்வாகனன் வர்த்தக சேவையின் தொடக்ககாலத் தமிழ்க் குரல். அவருக்குப் பின் ஒரு பெரிய வரிசையே வந்தது: ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று. ராஜா பேசினால் சொற்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். ஆனால் ஓரெழுத்துக்கூடச் சிதையாது. ஹமீத் நிறுத்தி, அளந்து, ழகரத்தையும் ளகரத்தையும் அதனதன் இடத்தில் வைத்துப் பேசுவார். தமிழ்நாட்டு நேயருக்கு இந்தத் தமிழ் தம் வீட்டுத் தமிழும் அல்ல, மேடைத் தமிழும் அல்ல. எங்கோ கடலுக்கு அப்பால் தம் மொழியையே இன்னொரு விதமாகப் பேசும் மக்கள் இருக்கிறார்கள் என்று அந்த வானொலிதான் அவர்களுக்கு நாள்தோறும் காட்டியது. பாட்டு அவர்களுடையது, அதைப் போட்டுக்காட்டிய குரல் எங்களுடையது.

'பொங்கும் பூம்புனல்' காலையைத் திறந்தது. 'இசையும் கதையும்' கண்ணீரை வரவழைத்தது. என்றாலும் வரலாறு எழுதுகிறவனுக்கு மிக முக்கியமானவை பிறந்தநாள் வாழ்த்தும் நேயர் விருப்பமும்தான். ஒரு பிள்ளையின் பெயர், ஊர், அதன்பின் வாழ்த்துகிறவர்களின் பட்டியல்: அப்பா, அம்மா, அப்பப்பா, அம்மம்மா, பெரியம்மா, சித்தப்பா, கடைசியில் தம்பி தங்கைகள். ஒரு குடும்பத்தின் முழு வம்சாவளியும் அரை நிமிடத்தில் வானேறும். விருப்பப் பாடல்களில் வேலணையும் புங்குடுதீவும் வந்த மூச்சிலேயே தூத்துக்குடியும் காரைக்குடியும் வரும். யாழ்ப்பாணத்தைத் தாண்டி ஈழத்து ஊர் ஒன்றின் பெயரைத் தமிழ்நாட்டு மனிதர் அறிந்திருந்தால், பெரும்பாலும் அதை ஓர் அறிவிப்பாளரின் வாயிலிருந்துதான் அறிந்திருப்பார்.

இனி நாங்கள் இருக்கும் கரைக்கு வருவோம். தமிழ்நாடு கொழும்பைக் கேட்டுக்கொண்டிருந்த அதே வேளையில் யாழ்ப்பாணத்துத் தீவகம் திருச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தது. 1939 மே 16இல் தொடங்கிய திருச்சி நிலையத்தின் கச்சேரிகள், நாடகங்கள், நாகசுரம் எல்லாம் அதே உப்புநீர் வழியாக நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வந்தன. தெற்கே சுருட்டுக்கடையும் பலசரக்குக்கடையும் நடத்திய தீவகத்து வியாபாரிகள் ஊருக்கு வரும்போது பற்றறியில் ஓடும் றேடியோவும் வந்தது. மின்சாரம் எட்டாத தீவில் ஒரு வீட்டு றேடியோ ஒரு ஒழுங்கைக்கே றேடியோ. முள்ளை ஒரு நூலிழை நகர்த்தினால் கொழும்பு, இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் திருச்சி. அங்குள்ளவர்கள் எங்களுடையதை மெச்சினார்கள், நாங்கள் அங்குள்ளதை மெச்சினோம். இரண்டையும் ஒருசேரக் கேட்டு, எது எதைவிட நல்லதென்று திண்ணையில் வாதாடும் வசதி இந்தத் தீவுகளுக்குத்தான் முழுமையாக வாய்த்தது.

அந்த வாதங்களுக்கு இடையே வளர்ந்த தீவகம், தமிழ் வானொலிக்கு ஒரு முன்னோடியையே தந்தது. ஊர்காவற்றுறை கரம்பனில் பிறந்த சோ. சிவபாதசுந்தரம் 'ஈழகேசரி'யில் எழுதிப் பழகி, இலங்கை வானொலியில் பணியாற்றி, பின்னர் லண்டன் போய் பிபிசியின் தமிழ் நிகழ்ச்சியில் குரல் கொடுத்தவர். அந்நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் அவர். 'ஒலிபரப்புக் கலை' என்ற அவருடைய நூல், காதுக்காக எழுதுவது எப்படி என்று தமிழில் முறையாகச் சொன்ன முதல் முயற்சிகளில் ஒன்று. இன்றைய பண்பலை அறிவிப்பாளர்கள் ஒவ்வொருவரும் அதைப் படிக்கவேண்டும் என்பது என் கருத்து.

ஒரு நாட்டார் தமக்காகச் செய்துகொண்டதை இன்னொரு நாட்டார் நெஞ்சில் ஏந்துவது உலகில் வேறிடங்களிலும் நடந்திருக்கிறது. மொழி ஒன்று, நடுவில் கடல், இரு நாட்டுச் சட்டம் என்று எங்கள் கதைக்கு மிக நெருங்கி வருவது பிரித்தானிய விஞ்ஞானக் கற்பனைத் தொடரான 'டாக்டர் ஹூ'வின் அமெரிக்க ரசிகர்களின் கதை. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1963 நவம்பர் 23, ஜோன் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதற்கு மறுநாள், பிபிசியில் அந்தத் தொடர் தொடங்கியது. காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும், 'டாக்டர்' என்று அழைக்கப்படும் வேற்றுலக முதியவர் ஒருவர், வெளியே பார்த்தால் பொலிஸ் தொலைபேசிப் பெட்டிபோல் தெரியும் அவருடைய ஊர்தி. செலவைச் சுருக்கிக் கட்டிய அரங்குகள், அட்டையும் றப்பரும் சேர்த்துச் செய்த பயங்கர உயிரினங்கள். இங்கிலாந்தில் சனிக்கிழமை மாலை குடும்பத்தோடு இருந்து பார்க்கும் சாதாரண நிகழ்ச்சி அது. அமெரிக்காவுக்கு அது உண்மையாகச் சென்று சேர்ந்தது 1978இல், டொம் பேக்கர் நாயகனாக நடித்த அத்தியாயங்கள் விற்கப்பட்டபோது. விற்றவர்களுக்கு அமெரிக்கரின் மேல் நம்பிக்கை இருக்கவில்லை. கதை புரியாமல் போகும் என்று அஞ்சி, ஹோவர்ட் டா சில்வா என்ற அமெரிக்க நடிகரின் குரலில் முன்கதைச் சுருக்கம் சேர்த்தார்கள். அதற்கு இடம்காண ஒவ்வோர் அத்தியாயத்திலும் சில நிமிடங்களை வெட்டினார்கள்.

ரசிகர்கள் விரும்பாதது அதைத்தான். அவர்களுக்கு வேண்டியது வெட்டாத, விளக்காத, பிரித்தானிய வாடை மாறாத மூலம். பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள் முழு அத்தியாயங்களைக் காட்டத் தொடங்கியதும் அவர்கள் அங்கே திரண்டார்கள். அந்த நிலையங்கள் பார்வையாளரின் நன்கொடையில் ஓடுபவை. நிதி திரட்டும் இரவுகளில் டொம் பேக்கரின் நீண்ட கம்பளிக் கழுத்துத் துணியைத் தாங்களே பின்னி அணிந்துகொண்டு, தொலைபேசிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பணம் கேட்டார்கள். தங்களுக்குப் பிடித்த அயல்நாட்டுத் தொடருக்குத் தாங்களே காசு கட்டினார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிரித்தானியத் தொலைக்காட்சிப் படம் 625 வரிகளால் ஆனது, நொடிக்கு 25 சட்டங்கள். அமெரிக்காவில் 525 வரிகள், 30 சட்டங்கள். லண்டனிலிருந்து ஒரு நண்பர் புதிய அத்தியாயத்தைப் பதிந்து அனுப்பினால், அந்த நாடா அமெரிக்கக் கருவியில் ஓடாது. ரசிகர்கள் பிரித்தானிய முறையில் ஓடும் கருவி ஒன்றைத் தேடிப்பிடித்து, இருட்டறையில் அதை ஓடவிட்டு, திரைக்கு எதிரே ஒரு கமெராவை நிறுத்தித் திரும்பவும் படம் பிடித்தார்கள். ஓரம் மங்கி, நிறம் வெளிறி, படம் துடித்துக்கொண்டே இருக்கும் அந்தப் பிரதிகள் கைமாறிக் கைமாறி ஊர் ஊராகப் போயின. சிற்றலையின் இரைச்சலுக்குள் ஒரு பாட்டைப் பிடிக்க இரவெல்லாம் முள்ளைத் திருகிய எங்கள் சனங்களுக்கு இந்த ஆர்வம் அந்நியமானதல்ல.

1983இல் தொடருக்கு இருபது வயது. கொண்டாட்டத்துக்கென்று எடுத்த 'ஐந்து டாக்டர்கள்' என்ற சிறப்புப் படம் சிக்காகோ உட்பட்ட சில அமெரிக்க நகரங்களில் நவம்பர் 23ஆம் திகதியே காட்டப்பட்டது. பிரித்தானியர் அதைப் பார்த்தது நவம்பர் 25இல். எடுத்த நாட்டுக்கு இரண்டு நாள் முந்தி ஏற்ற நாட்டில் வெளியீடு! கடல் கடந்த நேயரின் எடை எவ்வளவு ஏறிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அதே நேயர்கள் பிற்காலத்தில் கடுமையான விமர்சகர்களும் ஆனார்கள். 1996இல் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து சான் பிரான்சிஸ்கோவில் நடப்பதாக ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்து, டாக்டருக்குப் பாதி மனித இரத்தம் என்று சொன்னபோது ரசிகர் பலர் முகம் சுளித்தார்கள். 'டாக்டர் ஹூ'வின் கிளைத்தொடரான 'டோர்ச்வுட்' 2011இல் அமெரிக்க ஸ்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டோடு அமெரிக்காவுக்கு இடம் மாறியபோதும் வரவேற்பு இரண்டுபட்டது. அவர்களுக்கு வசதியாக மாற்றிக் கொடுத்ததை அவர்களே முழு மனதோடு ஏற்கவில்லை. அயலாரின் சரக்கை விரும்புகிறவர் அது அயலாருடையதாகவே இருப்பதை விரும்புகிறார். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' 1990களில் சன் தொலைக்காட்சிக்குப் போனபோது நடந்ததும் இதுவே. அவர் சென்னைப் பேச்சுக்கு மாறவில்லை. மாறும்படி தமிழ்நாடு கேட்கவுமில்லை. அந்த நிதானமான இலங்கை உச்சரிப்புக்காகவே வாரந்தோறும் அவரைப் பார்த்தார்கள். தமிழ்நாட்டு ரசிகரின் பெருந்தன்மை என்று இதை நான் கருதுகிறேன். ஈழத்தவர் நன்றியோடு நினைக்கவேண்டியது.

விஞ்ஞானக் கற்பனையும் தொலைக்காட்சியும் இலங்கையில் ஒருமுறை நேராகவே சந்தித்தன. ஆங்கிலேய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இலிருந்து இங்கே வாழ்ந்தவர். பூமியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள்கள் மூலம் உலகெங்கும் ஒலி, ஒளி பரப்பலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர். 1975 ஓகஸ்டில் இந்தியா, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கொண்டு கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டும் ஓராண்டுச் சோதனையைத் தொடங்கியபோது, இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் கொழும்பில் அவருடைய வீட்டில் ஒரு பெரிய தட்டு ஏரியலைப் பொருத்திக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையமே கிடையாது. சுயாதீனத் தொலைக்காட்சி வந்தது 1979 ஏப்ரலில், ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். ஆக, கற்பனை எழுதிய மனிதரே இந்தத் தீவில் இந்தியத் தொலைக்காட்சியின் முதல் நேயர்களில் ஒருவரானார்.

வடக்கில் சாதாரண மனிதருக்கு அவ்வளவு பெரிய தட்டு தேவைப்படவில்லை. 1980களில் உயரமான கம்பத்தில் மீன்முள் அன்ரெனாவை ஏற்றி, மேற்கு நோக்கித் திருப்பித் தூரதர்ஷனைப் பிடித்தார்கள். காற்றுத் திசை மாறினால் ஒருவர் கம்பத்தடியில் நின்று திருப்ப, இன்னொருவர் உள்ளிருந்து "இப்ப தெரியுது, அப்படியே விடு" என்று கத்துவார். வெள்ளி இரவு 'ஒளியும் ஒலியும்'. 1987 ஜனவரியில் தொடங்கிய ஹிந்தி 'ராமாயணம்' ஞாயிறு காலையில். மொழி தெரியாவிட்டாலும் கதை தெரியும்.

ஆனால் 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு எதுவும் பழையபடி இருக்கவில்லை. அறிவிப்பாளர் சிலர் நாட்டை விட்டுப் போனார்கள். 1994இல் கே.எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். பாட்டைக் கேட்டுக் குதூகலித்த கரை, செய்தியைக் கேட்டுப் பதறும் கரையாயிற்று. 1990–91இல் தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் ஒதுங்கினார்கள். அங்கே மின்சாரம் இல்லை. பற்றறியோ தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. அப்போதுதான் சைக்கிள் வானொலி பிறந்தது. சைக்கிளை இரட்டைத் தாங்கியில் நிறுத்தி, பின் ரயரோடு டைனமோவை அழுத்தி, அதிலிருந்து வரும் வயரை றேடியோவில் கொடுப்பார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். ஆகவே நடுவில் ஒரு டயோட். ஒரு சிறுவன் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். வேகம் குறைந்தால் குரல் அமிழ்ந்துவிடும், கூடினால் கரகரக்கும். இரவு ஒன்பதேகாலுக்குப் பிபிசி தமிழோசை. ஆனந்தி சூரியப்பிரகாசம் போன்றோரின் குரல் வரும்வரை பெரியவர்கள் சுற்றிநின்று "விடாதை, சுத்து, சுத்து" என்பார்கள். கரம்பனில் பிறந்தவர் பெயர் சூட்டிய நிகழ்ச்சியை, கரம்பனிலிருந்து விரட்டப்பட்டவர்கள் இப்படிக் கேட்டார்கள். அந்தத் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நிறுத்தப்பட்டது.

இந்த வரலாற்றில் ஒலிபரப்பியவர்களைப் பற்றி ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. கேட்டவர்களைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் எழுதப்படவில்லை. அதுதான் எனக்கு மனத்தாங்கல். ஏனென்றால் காப்பாற்றுகிறவர்கள் பெரும்பாலும் கேட்டவர்களே. பிபிசி 1960களிலும் 70களிலும் தன் நாடாக்களை அழித்துத் திரும்பப் பயன்படுத்தியதில் 'டாக்டர் ஹூ'வின் தொண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களின் படம் இன்று இல்லை. ஆனால் அவை ஒவ்வொன்றின் ஒலியும் இருக்கிறது. வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்த ரசிகர்களால் இருக்கிறது. தொலைந்த படங்கள் சிலவும் வெளிநாட்டிலிருந்துதான் திரும்பின: 1992இல் ஹொங்கொங்கிலிருந்து ஒரு முழுக் கதை, 2013இல் நைஜீரியாவிலிருந்து ஒன்பது அத்தியாயங்கள்.

எங்கள் பக்கம் என்ன மிஞ்சியிருக்கிறது? இடம்பெயர்ந்த வீடுகளில் கூரையே போனது. கசெட்டு எங்கே தப்பும்? ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் தப்பியிருக்கலாம். தூத்துக்குடியிலோ காரைக்குடியிலோ ஒரு வீட்டுப் பரணில், ராஜாவின் குரலோ ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலோ பதிந்த ஒரு கசெட் இருக்கக்கூடும். ஒரு வேலணைப் பிள்ளையின் பிறந்தநாளைப் பதிந்தது இராமநாதபுரத்து நேயராக இருக்கக்கூடும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்து எண்ணிம வடிவுக்கு மாற்றுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் ஏற்றுக்கொள்கிறது. கசெட் இல்லாதவர்கள், எந்த ஊரில், எந்த றேடியோவில், யாருடைய குரலைக் கேட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, ஆண்டையும் குறித்து வையுங்கள். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் அந்த முள்ளைத் திருகிய கைகளுக்கு இப்போது எழுபதும் எண்பதும் வயது. அவர்களிடம் இந்த மாதமே போய்க் கேளுங்கள்.

(தொடரும்)